ஒரு கூடை மண்: சீனச் சித்திரக்காரர் ஸூ பேஹோங்கின் சரித்திரம்



ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு வரும் வழியில் காவிரிப் பாலத்தில் ஏறினதும் முதலில் நம் கண்ணில் படுவது மலைக்கோட்டை. ஒரு நாள் காலையில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் மண்வெட்டியும் கூடையுமாக அதன் அடிவாரத்துக்கு வந்து, இந்த மலையை இங்கிருந்து அப்புறப்படுத்தப் போவதாகச் சொல்லி வெட்டத் தொடங்கினால் நாம் என்ன செய்வோம்? பெரிய கடைவீதி முழுவதும் கூடி நின்று வேடிக்கை பார்க்கும். பாவம், வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

சீன தேசத்தில் இப்படி ஒரு பழங்கதை உண்டு. ஒரு கிழவருடைய வீட்டுக்கு எதிரே இரண்டு மலைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. அவர் பிள்ளைகளையும் பேரன்மாரையும் கூட்டிக்கொண்டு அம்மலைகளை வெட்டிக் கூடையில் சுமந்துபோய்க் கடலோரத்தில் கொட்ட ஆரம்பித்தார். அடுத்த வீட்டு விதவையின் மகன், பால்பற்கள் விழுந்து முளைக்கும் பருவத்துச் சிறுவன், அவனும் துள்ளிக்கொண்டு உதவிக்கு வந்தான். ஊரிலே புத்திசாலி என்று பெயர் வாங்கிய ஒருவர் இதைக் கண்டு நகைத்தார். கிழவர் அவருக்குச் சொன்ன சமாதானம் இதுதான்: தாம் இறந்தால் மகன் வெட்டுவான், மகனுக்குப் பின் பேரன் வெட்டுவான், சந்ததி முடிவில்லாமல் பெருகும், மலையோ இனி ஓர் அங்குலமும் வளரப்போவதில்லை. புத்திசாலி வாயடைத்துப் போனார். வானுலகம் அக்கிழவருடைய உறுதிக்கு மனமிரங்கி அம்மலைகளைத் தூக்கி அப்பால் வைத்தது என்று கதை முடிகிறது.

கடுகுமணி அளவு விசுவாசத்தைப் பற்றி நம் ஆண்டவர் போதித்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை அந்நியமாகப் படாது. ஆனால் இன்று நான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டது அந்தக் கிழவருடைய சரித்திரம் அல்ல. அக்கதையை நம் பாரத நாட்டிலே இருந்து, நம் நாட்டு மனிதரின் உடலையும் முகத்தையும் பார்த்து, பதினான்கு அடி நீளமுள்ள சித்திரமாக எழுதிய ஒரு சீனருடைய சரித்திரம். அவர் பெயர் ஸூ பேஹோங். அக்காலத்தில் இந்தியாவில் ஜூ பியோன் என்ற பெயரால் அவரை அறிந்திருந்தார்கள்.

அவர் 1895-ம் ஆண்டில், ஜியாங்சு மாகாணத்து யிஷிங் பகுதியில் ஒரு சிற்றூரிலே பிறந்தார். தகப்பனார் நிலத்தில் பாடுபட்டவர். குருவில்லாமல் தாமே சித்திரம் கற்றுக்கொண்டவர். மகன் முதலில் படிக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாயிருந்தார். ஆறு வயதில் எழுத்துப் பாடம். ஒன்பது வயதுக்குப் பிறகுதான் நாளைக்கு ஒரு படமாகப் பார்த்தெழுதும் பயிற்சி. பிறகு வெள்ளம் வந்து ஊரைக் கெடுத்தது. தகப்பனும் பதின்மூன்று வயது மகனும் ஊர் ஊராக நடந்து, படம் எழுதி விற்று வயிறு வளர்த்தார்கள். படம் போட்டால் சோறு வருமா என்று நம் வீடுகளில் பிள்ளைகளைக் கேட்கிறோமே, அந்தக் கேள்வி அவர்களுக்கு அன்றாடக் கேள்வி.

மகனுக்கு இருபது வயது நிரம்புமுன் தகப்பனார் நோயில் இறந்தார். குடும்பப் பாரம் மூத்தவனுடைய தலையில் விழுந்தது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஷௌகாங். அதை மாற்றி, பேஹோங் என்று தாமே வைத்துக்கொண்டார். துயருறும் காட்டு வாத்து என்பது அதன் பொருள்.

மேலே சொல்லுமுன், சீனருடைய சித்திர வேலையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் பெரியோர் ஓவியத்தை வரைவது என்பதோடு எழுதுவது என்றும் சொன்னார்கள். சித்திரம் எழுதினான் என்பதே நம் வழக்கு. சீனருக்கு இது உவமை அல்ல, உள்ளபடி உண்மை. அவர்கள் எழுத்து எழுதுவதும் படம் எழுதுவதும் ஒரே தூரிகையால், ஒரே மையால். எழுத்து நன்றாக வராதவனுக்குச் சித்திரமும் வராது என்பது அவர்கள் கொள்கை. கருவிகள் நான்கே: தூரிகை, மைக்கட்டி, மைக்கல், காகிதம். நம் வீட்டுப் பெண்கள் விளக்குச் சுடரின்மேல் தட்டைக் கவிழ்த்துப் புகை பிடித்துக் கண்மை கூட்டுகிறார்கள் அல்லவா? அதுபோலவே அவர்களும் பைன் மரத்தை எரித்த புகைக்கரியைப் பசையோடு பிசைந்து கட்டியாக உலர்த்துகிறார்கள். வேண்டும்போது சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைப்பதுபோல் கல்லில் இழைத்துக்கொள்கிறார்கள்.

காகிதமோ மையை உடனே குடித்துவிடும். விழுந்த கோடு விழுந்ததுதான். கோலம் போடுகிறவர்கள் ஓரிழை தவறினால் விரலால் தடவிவிட்டு மறுபடி போடலாம். சீனச் சித்திரக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகையால் ஒரு நொடியில் விழும் கோட்டுக்குப் பின்னால் பல வருஷப் பயிற்சி இருக்கும். இன்னொன்று, நம் தஞ்சாவூர்ப் படங்களில் தங்கரேக்கும் கல்லும் பதித்து இடம் விடாமல் நிரப்புவார்கள். சீனர் பாதிக் காகிதத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள். அந்த வெறுமையே மேகமாகவும் தண்ணீராகவும் வெகு தூரமாகவும் பார்ப்பவனுக்குத் தோன்றும்.

இந்தக் கலையைத் தவிர வேறு சொத்து இல்லாமல் இளைஞர் ஷாங்காய் பட்டணத்துக்கு வந்தார். வேலை கிடைக்கவில்லை. கையிலிருந்த காசு தீர்ந்தது. சட்டையை விற்றுத் தின்னும் நிலை வந்தது. கடைசியில் ஹுவாங்பு ஆற்றங்கரையில், உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு நின்றார். அப்போது ஒரு பெரிய புத்தக நிறுவனத்தில் வேலைபார்த்த ஹுவாங் என்பவர் அவரைத் தேடி வந்து, பிடித்துக்கொண்டு திரும்பினார். அதே குடும்பப் பெயருள்ள இன்னொருவர், பட்டு வியாபாரி, சாப்பாட்டுக்கு வழி செய்து, தமக்குத் தெரிந்த ஒரு சூதாட்ட மனையில் தங்க இடமும் வாங்கிக் கொடுத்தார். பகலில் படித்துவிட்டு, நள்ளிரவில் சூதாடிகள் எழுந்துபோன பிறகு, அந்த மேசையின்மேலேயே அவர் படுத்துறங்கினார். இடம் நல்லதல்ல. ஆனால் உதவி வந்த வாசலைப் பார்த்து அவர் முகஞ்சுளிக்கவில்லை.

1916-ம் ஆண்டில் அவர் பிரெஞ்சு மொழி படிக்கச் சேர்ந்தது ஷாங்காயில் சேசு சபைக் குருக்கள் நடத்திவந்த அரோரா சர்வகலாசாலையில். நமக்கு இது நெருங்கிய செய்தி. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த நம் அர்ச். சூசையப்பர் கல்லூரியை நிறுவியவர்களும் பிரான்சு தேசத்துச் சேசு சபைக் குருக்களே. அங்கே பதிவேட்டில் அவர் தம் சொந்தக் குடும்பப் பெயரை எழுதவில்லை. ஹுவாங் ஃபூ என்று எழுதினார். ஹுவாங்குகளின் கைதூக்கலால் நிற்பவன் என்பது அதன் கருத்து. தன்னைத் தூக்கிவிட்ட இரண்டு பேரின் பெயரை மாணவன் தன் பெயராகவே போட்டுக்கொண்டான். நன்றிக்கு இதைவிட நல்ல அடையாளம் நான் கண்டதில்லை. பத்து வருஷங்களுக்குப் பின், பெயர்பெற்ற சித்திரக்காரராகிவிட்ட அவர், அந்தப் பட்டு வியாபாரியின் உருவத்தைத் தைல வர்ணத்தில் எழுதினார்.

ஷாங்காயில் சேசு சபையாரின் மேற்பார்வையில் இருந்த து-ஷான்-வான் அனாதைப் பிள்ளைகள் மடத்தில் ஒரு சித்திரப் பட்டறை நடந்துவந்தது. கோயில்களுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய அர்ச்சியசிஷ்டர்களின் படங்களை அந்த அனாதைச் சிறுவர்கள் எழுதக் கற்றார்கள். மேல்நாட்டுச் சித்திரக்கலை சீனாவில் பிறந்த தொட்டில் அதுவே என்று ஸூ பேஹோங் பிற்காலத்தில் எழுதி வைத்தார். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளின் கையால் ஒரு பெரிய தேசத்துக்கு ஒரு கலை வந்து சேர்ந்தது.

அந்த நாட்களிலேயே இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. சீனருக்கு எழுத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் சாங் ஜியே என்ற புராண புருஷனுக்கு ஒரு படம் தேவை என்று ஒரு செல்வந்தரின் கலாசாலை விளம்பரம் செய்தது. அவர் நாலு கண் உள்ளவனாக அவனை எழுதி அனுப்பினார். அதன் மூலம் காங் யோவெய் என்ற பேரறிஞரின் பழக்கம் கிடைத்தது. பழங்காலக் கல்வெட்டுகளின் எழுத்தைப் பார்த்தெழுதும் முறையை அவரிடம் கற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய குதிரைகளின் பிடரியிலும் வாலிலும் தெரியும் வேகம், இந்த எழுத்துப் பயிற்சியில் பிறந்த வேகம்.

1919-ல் அரசாங்க உதவித் தொகையோடு பாரீஸ் பட்டணம் போய், அங்குள்ள தேசியக் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். சீனாவில் உள்நாட்டுச் சண்டை. உதவித் தொகை அடிக்கடி நின்றுபோகும். பணத்தின் மதிப்பு பெர்லினில் நீடித்ததால் சில காலம் அங்கே போயிருந்து, மிருகக்காட்சிசாலையில் சிங்கங்களின் முன் நாள்முழுதும் உட்கார்ந்து எழுதிப் பழகினார். பட்டினியிலும் குளிரிலும் வந்த வயிற்று வலி ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. குதிரையின் எலும்பும் தசையும் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று ஆராய்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிப் படங்கள் எழுதினார். 1927-ல் தாய்நாடு திரும்பினார்.

திரும்பிய அடுத்த ஆண்டில் பேப்பிங் நகரத்துக் கலைக் கல்லூரிக்குத் தலைவரானார். அந்நகரில் சீ பாய்ஷி என்ற அறுபது வயது தாண்டிய சித்திரக்காரர் இருந்தார். இளமையில் தச்சு வேலை செய்தவர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். பட்டம் பெற்ற பெரியோர் அவரை இளக்காரமாகப் பார்த்தார்கள். முப்பத்து மூன்று வயதுத் தலைவரோ நேரில் போய், ஆசிரியராக வரவேண்டும் என்று கேட்டார். தச்சனுக்குக் கல்லூரியில் என்ன வேலை என்று கிழவர் இரண்டு தடவை மறுத்துவிட்டார். மூன்றாம் தடவையும் போய் அழைத்து வந்தார். பிற்காலத்தில் அந்தத் தச்சர் உலகப் புகழ் பெற்றார். சூதாட்ட மேசையில் படுத்திருந்த ஒருவனை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்; அவன் மற்றொருவரைத் தூக்கிவிடக் கை நீட்டினான்.

1937-ல் ஜப்பான் சேனை சீனாவுக்குள் புகுந்தது. லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத சித்திரக்காரன் என்ன செய்வான்? தம்மிடம் இருந்த படங்களையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். 1939-ல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்து, விற்று வந்த பணம் முழுவதையும் அகதிகளுக்கும் அனாதைகளுக்கும் அனுப்பினார். சிங்கப்பூர்க் கவர்னர் ஷென்டன் தாமஸின் உருவத்தை எழுதி, அதற்குக் கிடைத்த கூலியையும் அப்படியே கொடுத்தார். பிறகு கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களிலும் கண்காட்சி நடந்தது. நம் ஜில்லாவிலிருந்து பிழைப்புக்காகப் போய்ப் பலர் குடியேறிய ஊர்கள் இவை.

1939-ம் ஆண்டின் கடைசியில் கவி தாகூரின் அழைப்பை ஏற்று, வங்காளத்திலுள்ள சாந்திநிகேதனத்துக்கு வந்தார். அங்கே சீன மொழியும் கலையும் கற்பிக்க 1937-ல் தாகூர் திறந்துவைத்த சீன பவனம் இருந்தது. சித்திரப் பள்ளிக்கு நந்தலால் போஸ் தலைவராயிருந்தார். சாந்திநிகேதனத்திலும் கல்கத்தாவிலும் கண்காட்சிகள் நடந்தன. அந்தப் பணமும் அகதிகளுக்கே போயிற்று. 1940 பிப்ரவரியில் காந்தியடிகள் சாந்திநிகேதனம் வந்தபோது, சில நிமிஷங்களில் அவருடைய உருவத்தைத் தீட்டிக் காட்டினார். காந்தியடிகள் அதில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். தாகூரின் உருவத்தையும் பலமுறை எழுதினார். டார்ஜிலிங் மலையில் சில மாதங்கள் தங்கி, பனிமலைகளையும், நம் நாட்டு நெடுங்கால் குதிரைகளையும் ஆசையோடு பார்த்தார்.

அந்த ஆண்டில்தான் மலையைப் பெயர்க்கும் கிழவரின் சித்திரம் உருவாயிற்று. ஏறக்குறைய 5 அடி உயரம், 14 அடி நீளம். இடுப்பில் துணியும் இல்லாத திடகாத்திரமான ஆட்கள் மண்வெட்டியை ஓங்கி நிற்கிறார்கள். அவர்களில் பலர் சீனர் அல்ல, இந்தியர். அவர் பார்த்தெழுத நின்றவர்கள் நம் நாட்டவர்களே. சீனக் கதைக்கு இந்திய உடம்பு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். உழைப்பவன் எந்த நாட்டானாயிருந்தாலும் உழைப்பவனே என்பது அவர் எண்ணம்.

அக்காலத்தில் சீனாவுக்குக் கடல்வழிகள் அடைபட்டுவிட்டன. ஆகையால் ஆண், பெண், பிள்ளைகள் என்று லட்சக்கணக்கான பேர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு மலைகளை வெட்டி, பர்மாவுக்கு 700 மைல் நீளமான ஒரு பாதை போட்டிருந்தார்கள். சித்திரம் முடிந்த 1940 ஜூலை மாதத்திலேயே, ஜப்பானின் நெருக்கடிக்கு இணங்கி, ஆங்கிலேய அரசாங்கம் அந்தப் பாதையை மூன்று மாத காலத்துக்கு மூடிவிட்டது. உலகத்தின் புத்திசாலிகள் எல்லாரும் சீனாவின் கதை முடிந்தது என்று கணக்குப் போட்ட சமயம் அது. அந்தச் சமயத்தில் அவர் எழுதியது, கணக்குப் பார்க்காத ஒரு கிழவரின் படத்தை.

விடைபெறும் சமயத்தில் தாகூர் கடும் நோயிலிருந்து எழுந்து படுக்கையில் இருந்தார். தாம் எழுதிக் குவித்த சித்திரங்களில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி கேட்டார். ஸூ பேஹோங்கும் நந்தலாலும் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து முடித்தார்கள். அடுத்த ஆண்டில் தாகூர் காலமானார்.

ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது, அங்கே விட்டிருந்த படங்களில் பலவற்றை நண்பர்கள் ஒரு பள்ளியின் பழைய கிணற்றில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவர் உயிரைப்போல் மதித்த ஒரு பழைய சுருள்படமும் உண்டு. எண்பத்தேழு தேவர்கள் ஊர்வலமாகப் போவது, வர்ணமே இல்லாமல் வெறுங் கோட்டால் எழுதியது. அதை 1937-ல் ஹாங்காங்கில் வாங்கி, பேஹோங்கின் உயிர் என்று முத்திரை குத்தி வைத்திருந்தார். 1942-ல் குன்மிங் நகரில் விமானத் தாக்குதலுக்கு எல்லாரும் பதுங்கியிருந்த வேளையில் அது திருட்டுப் போயிற்று. அந்தக் கவலையில் படுத்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அது அகப்பட்டபோது, முத்திரை அகற்றப்பட்டிருந்தது. பெருந் தொகையும் தம் சொந்தப் படங்கள் பலவும் கொடுத்து மறுபடி வாங்கினார்.

அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவருடைய குடும்ப வாழ்க்கையை உங்களுக்கு மாதிரியாகக் காட்டவும் நான் துணியேன். முதல் மனைவியோடு நேர்ந்த பிரிவு நெடுங்காலம் கசந்து, 1945-ல் முறிந்தது. அதற்கு ஈடாகப் பத்து லட்சம் யுவான் பணமும் நூறு சித்திரங்களும் கொடுக்க ஒப்புக்கொண்டு, இரவெல்லாம் நின்று எழுதி உடம்பைக் கெடுத்துக்கொண்டார். பெரிய திறமை ஒருவனை வீட்டுக் கடமையிலிருந்து விடுவிப்பதில்லை. கடமை முறிந்த இடத்தில் இருதரப்பும் விலை கொடுக்கத்தான் நேரிடுகிறது.

யுத்தத்துக்குப் பின் பேப்பிங் கலைக் கல்லூரியின் தலைமையை ஏற்றார். 1949 முதல் சீனாவின் மத்தியக் கலைக் கழகத்துக்குத் தலைவராயிருந்தார். 1953-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, 58-வது வயதில் இறந்தார். அவருடைய மனைவி லியாவோ ஜிங்வென், கணவர் எழுதிய 1,200-க்கு மேற்பட்ட சித்திரங்களையும், அவர் சேர்த்து வைத்த பழைய சித்திரங்களையும், புத்தகங்களையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் தேசத்துக்குக் கொடுத்துவிட்டார். பெய்ஜிங் நகரில் அவர் பெயரால் விளங்கும் அருங்காட்சியகத்தில் மலையைப் பெயர்க்கும் கிழவரும் இருக்கிறார், எண்பத்தேழு தேவர்களும் இருக்கிறார்கள்.

பங்கு மக்களே, தாலந்து உவமையைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நமக்குக் கொடுத்ததை நாம் புதைத்தோமா, பெருக்கினோமா என்றே எப்போதும் சோதிக்கிறோம். இந்தச் சரித்திரம் வேறொரு கேள்வியையும் நம்மிடம் கேட்கிறது. மற்றவனுடைய தாலந்து மண்ணில் புதைந்துபோகாமல் நாம் என்ன செய்தோம்? அந்த இரண்டு ஹுவாங்குகளும் சித்திரக்காரர்கள் அல்ல. ஒருவர் ஆற்றங்கரை வரைக்கும் நடந்தார். மற்றவர் சோறும் படுக்க இடமும் கொடுத்தார். அவர்கள் செய்தது அவ்வளவுதான். ஒரு கூடை மண். அதிலிருந்துதான் சிங்கப்பூரிலும் கல்கத்தாவிலும் திரண்ட தர்மப் பணம் அத்தனையும் வந்தது.

நம் தெருக்களிலும் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் படம் எழுதிப் போட்டு அடி வாங்கும் பிள்ளை ஒன்று இருக்கும். பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லாமல் கதவுக்கு வெளியே நிற்கும் பெண்பிள்ளை ஒன்று இருக்கும். யாரிடமும் சொல்லாமல் ஆற்றங்கரைப் பக்கம் தனியே போய் நிற்கும் வாலிபன் ஒருவன்கூட இருக்கலாம். இத்தனை பேருக்கும் நம்மால் செய்ய முடியுமா என்று புத்திசாலி கேட்பான். அந்தக் கேள்வியை அவனிடமே விட்டுவிடுங்கள். விதவையின் சிறு மகன் தன் பங்குக்கு எத்தனை கூடை சுமந்தான் என்று கதையில் யாரும் எண்ணவில்லை. அவன் வந்தான் என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

அடுத்த முறை காவிரிப் பாலத்தில் போகும்போது மலைக்கோட்டையைப் பார்த்து, இந்த வாரம் நம் கூடையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வேசுரனுடைய ஆசீர்வாதம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குக் குரு